உடைத்த கல்லும் பிறக்கும் சாலையும்

மலேசியத் தமிழர் தொலைவைக் கட்டைக் கணக்கில் அளந்து பழகியவர். நாலாங்கட்டைத் தோட்டம், ஏழாங்கட்டைக் கோயில் என்று நம் முதியோர் வழங்கிய பெயர்கள் யாவும் சாலையோரத்தில் நட்டிருந்த மைற்கற்களிலிருந்து பிறந்தவை. 1970-களில் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறிற்று. கட்டைகள் மட்டும் நம் பேச்சில் நின்றுவிட்டன. மலாய் மொழியிலும் கல்லுக்கும் மைலுக்கும் 'பத்து' என்னும் ஒரே சொல் வழங்குவதை மாணவர் அறிவர். பத்து தீகா என்றால் மூன்றாம் கட்டை என்பது பொருள். தமிழ்க் காதுக்கு அது பத்தும் மூன்றுமாக ஒலித்துக் குழப்பும். வழியின் அளவுக்கே கல் பெயராகி நிற்குமளவு கல்லும் சாலையும் நெருங்கிய உறவின. அவ்வுறவில் நாம் பெரிதும் எண்ணிப் பாராத ஒரு பகுதியைப் பற்றியதே இக்கட்டுரை.

அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு மாணவனின் கேள்வி. எங்கள் பள்ளியின் பழைய சபைகூடல் திடலில் வெடித்துக் கிடந்த கற்காரைத் தளத்தைச் சென்ற ஆண்டு உடைத்து எடுத்தனர். கற்காரை என்பது நாம் பேச்சில் கான்கிரீட் என்று சொல்வதே. கல்லும் காரையும் சேர்ந்தது என்று பெயரிலேயே பொருள் விளங்குவதால் அச்சொல்லை இங்கே ஆள்கிறேன். உடைந்த துண்டுகளை லாரியில் ஏற்றுவதைப் பார்த்து நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, இந்தக் கல்லையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள்?" என்று கேட்டான். எங்காவது பள்ளத்தில் கொட்டுவார்கள் என்றேன். அவன் போய்விட்டான். என் விடை அரைகுறை விடை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. உடைத்த கல்லுக்குப் பள்ளத்தைத் தவிர வேறு போக்கிடம் உண்டு. அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

அவ்வரலாற்றை ஜான் லவுடன் மெக்காடம் என்னும் ஸ்காட்லாந்துக்காரரிடமிருந்து தொடங்கலாம். 1756-இல் பிறந்த இவர் 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சுங்கச் சாலைகளுக்கு மேற்பார்வையாளர் ஆனார். கூரிய முனைகளுடைய சிறு கற்களைப் பரப்பி, வண்டிச் சக்கரங்களே அவற்றை இறுக்கிக் கோக்குமாறு செய்தவர் என்று பாடநூல்கள் இவரைப் பற்றிக் கூறும். அது மெய்யே. ஆனால் அவர் அக்கற்களை எங்கிருந்து பெற்றார் என்பதைப் பலரும் கூறுவதில்லை. அக்காலத்துச் சாலைகளில் பெருங்கற்களை வரைமுறையின்றிக் கொட்டியிருந்தனர். மழையில் மண் கரைய, கற்கள் துருத்திக்கொண்டு வண்டி அச்சுகளை முறித்தன. புதுக் கல்லுக்குப் பணம் தேடுவதே சாலைக் குழுவினரின் வழக்கம். மெக்காடமோ, பழைய சாலைகளுக்கு வேண்டிய கல் பெரும்பாலும் அச்சாலைகளிலேயே கிடக்கிறது என்று கண்டார். சாலையைக் கிளறி, பெருங்கற்களை வெளியே எடுத்து, ஓரத்தில் அமர்ந்து சிறு சம்மட்டியால் உடைத்து, மண் நீக்கி, மீண்டும் அங்கேயே பரப்பச் செய்தார். கல் ஒன்றின் எடை 6 அவுன்சுக்கு மேற்படலாகாது என்பது அவர் விதி. நம் கணக்கில் ஏறத்தாழ 170 கிராம். உட்கார்ந்தே செய்யும் வேலையாதலின் முதியோரும் பெண்டிரும் கூட அதில் கூலி பெற்றனர். உலகெங்கும் மெக்காடம் சாலை என்று புகழ்பெற்ற முறை, பெரும்பாலும் பழைய கல்லை மறுபடி உடைத்துப் பயன்கொண்ட முறையே.

அம்முறை நம் பகுதிக்கு வந்தபோது கல்லை உடைத்தவர் யார்?

1825-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-இல் 'ஹொரேஷியோ' என்னும் கப்பல் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. முந்தைய ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சுமத்திராவிலிருந்த பெங்கூலன் டச்சுக்காரர் கைக்குச் சென்றது. அங்கே தண்டனை பெற்று வாழ்ந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றினர். அக்கப்பலில் வந்த 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்தில் வங்காளத்திலிருந்து கடத்தப்பட்டவர்கள் 122 பேர் வந்து சேர்ந்தனர். அன்று தொடங்கி, கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்ட 1873 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சிங்கப்பூரின் சாலைகளும் பாலங்களும் அரசுக் கட்டடங்களும் பெரும்பகுதி இவர்கள் கையால் எழுந்தன. சதுப்பைத் தூர்த்தவரும், குன்றைக் குடைந்தவரும், காலில் இரும்பு வளையத்தோடு சாலையோரத்தில் கல் உடைத்தவரும் இவர்களே. தீவின் நடுவே புலிகள் திரிந்த காட்டை ஊடறுத்து 1845-இல் கிராஞ்சி வரை எட்டிய புக்கிட் தீமா சாலையிலும் இவர்கள் உழைப்பு உண்டு. கைதிகளைக் கண்காணிக்கும் சிறு பதவிகளையும் கைதிகளிலேயே தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கொடுத்தனர். அவர்களுக்கு அதிகாரியாக இருந்த மெக்நேர் என்பார் 1899-இல் வெளியிட்ட நூலுக்குக் 'கைதிகளே தம் காவலர்' என்ற பொருளில் பெயரிட்டது இதனாலேயே.

இவர்களுடைய கைத்திறனுக்கு ஒரு சான்று போதும். 1856-க்கும் 1861-க்கும் இடையே எழுந்த புனித அந்திரேயர் பேராலயத்தின் உட்சுவருக்குச் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பூசினர். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றினர். தென்னாட்டுக் கொத்தர் பரம்பரை பரம்பரையாக அறிந்திருந்த வேலை அது. உடைந்த செங்கல்லையும் அப்பரம்பரை வீணாக்கியதில்லை. சுட்ட செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்ப்பதைச் சுர்க்கி என்பர். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டப்பட்டது. சிமெண்டு பெருவழக்காகும் முன்னரே, உடைந்த பொருளைத் தூளாக்கி வலிமையாக்கும் அறிவு நம்மவரிடம் இருந்தது.

பேராலயத்தைப் பார்க்க வருவோர் உண்டு. அங்கே பழைய பூச்சைப் பற்றிச் சொல்வாரும் உண்டு. சாலைக்கு அந்தப் பேறு கிடையாது. மேலே அடுக்கடுக்காகத் தார் ஏறிவிடும். தீபகற்பத்திலும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொதுப்பணித் துறையின் சாலைகளில் வேலை செய்தவருள் தமிழர் மிகுதி. 'பி.டபிள்யூ.டி. லயம்' என்ற பெயர் பல ஊர்களில் நம்மவர் நினைவில் இன்னும் இருக்கிறது. முதலில் செம்பூரான் கல்லைப் பரப்பிச் செஞ்சாலை இட்டவர்களும், பிறகு கருங்கல் சரளை பரப்பியவர்களும், தார்ப்பீப்பாயின் கீழ் நெருப்பு மூட்டியவர்களும் அவர்களே. தோட்டத்துக் கதைகளை எழுதிய அளவுக்குச் சாலைக் கூலிகளின் கதையை நாம் எழுதவில்லை. இது நம் எழுத்தாளர்மீது எனக்குள்ள ஒரு குறை, என்மீதும்தான்.

மோட்டார் வண்டி வந்ததும் மெக்காடத்தின் சாலை தோற்றது. இரும்புச் சக்கரம் கல்லை இறுக்கிற்று. ரப்பர்ச் சக்கரமோ கற்களிடையே இருந்த தூளை உறிஞ்சிப் புழுதியாக எறிந்தது. இதற்கு விடையும் ஒரு கழிவிலிருந்தே கிடைத்தது. 1901-இல் இங்கிலாந்தின் டென்பி என்னும் ஊரில் இரும்பாலை அருகே சாலையில் தார்ப்பீப்பாய் ஒன்று உருண்டு உடைந்து கொட்டியது. அதை மறைக்க ஆலையின் உலைக் கசடைக் கொட்டினர். அந்த இடம் மட்டும் புழுதியின்றிக் கெட்டியாக இருப்பதை ஹூலி என்னும் பொறியாளர் கண்டார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமை பெற்றார். உலைக் கசடு, நிலக்கரித் தார் ஆகிய இரண்டு கழிவுகள் சேர்ந்தே அந்தத் தார்ச்சாலை பிறந்தது.

கற்காரைச் சாலை இதற்குச் சற்று முந்தியது. 1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1891-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெல்பவுண்டன் என்னும் சிற்றூரில் ஜார்ஜ் பார்த்தலோமியு கற்காரையால் தெரு அமைத்தார். ஊர்க்காரர் நம்பவில்லை. ஐந்தாண்டு தாங்கும் என்று 5,000 டாலருக்குப் பிணை கொடுத்த பின்னரே இசைந்தனர். நூற்றாண்டு கடந்தும் அத்தெருவின் ஒரு பகுதி நிற்கிறது.

தார்ச்சாலைக்கும் கற்காரைச் சாலைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் அறிதல் நன்று. தார்ச்சாலை பாய் போன்றது. சுமை விழுமிடத்தில் சிறிது வளைந்து, கீழுள்ள அடுக்குகளுக்குச் சுமையைக் கடத்தும். கற்காரைச் சாலை பலகை போன்றது. சக்கரம் ஓரிடத்தில் அழுத்தினாலும் அச்சுமையை அகலப் பரப்பிக் கீழே இறக்கும். அதனால்தான் சிங்கப்பூரில் பேருந்துகள் நின்று புறப்படும் இடங்களையும், நம் நெடுஞ்சாலைகளில் சுங்கச் சாவடிகளின் முன்புறத்தையும் கற்காரையால் அமைக்கின்றனர். பளுவண்டி நிறுத்தத்தை மிதித்து நிற்கும் இடத்தில் தார் குழைந்து சுருங்கும், கற்காரை அசையாது. ஆயினும் அது இறுகும்போது சுருங்கும் இயல்புடையது. ஆகவே சில மீட்டருக்கு ஒரு வெட்டு விட்டு, அங்கே இரும்புக் கம்பிகளால் பலகைகளை இணைப்பர். அவ்விடங்களைக் கடக்கும்போதுதான் சக்கரத்தின் கீழே அந்தத் தாளம் கேட்கிறது.

கற்காரையின் கன அளவில் ஏறத்தாழ முக்காற்பங்கு கல்லும் மணலுமே. சிமெண்டு அவற்றை ஒட்டும் பசை. ஆகவே கற்காரையைப் பெருக்குவது என்றால் மலையைக் குறைப்பது என்று பொருள். மலை இருக்கும்வரை இதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. உடைந்த கற்காரையையும் கல்லாக மதிக்கலாம் என்ற எண்ணம் தட்டுப்பாடு வந்த இடங்களிலேயே தோன்றியது என்பதை வரலாறு காட்டுகிறது.

1945-இல் போர் முடிந்தபோது செருமனியின் நகரங்களில் ஏறத்தாழ 40 கோடி கன மீட்டர் இடிபாடு கிடந்ததாகக் கணக்கிட்டனர். ஆடவர் பலர் மாண்டோ சிறைப்பட்டோ இருக்க, பெண்கள் வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல்லைப் பிரித்தனர். முழுச்செங்கல் சுவருக்குச் சென்றது. உடைந்தது அரைத்துச் சலித்துக் கற்காரையில் சரளையாயிற்று. 1951-இல் இத்தகைய கற்காரைக்கெனத் தரக்குறிப்பே வெளியிட்டனர். எஞ்சியதைக் குவித்ததில் பெர்லினில் டொய்ஃபெல்ஸ்பெர்க் என்னும் குன்று எழுந்தது. ஒரே இடிபாடு சிலருக்கு வீடாயிற்று, சிலருக்கு மலையாயிற்று. அமெரிக்காவில் 1940-களில் இல்லினாய் மாநிலத்தில் 66-ஆம் எண் நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது பழைய கற்காரையை உடைத்து அடித்தளத்தில் இட்டனர். 1980-இல் மின்னசோட்டா மாநிலம் ஒரு படி மேலே சென்றது. அங்கே 59-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 16 மைல் நீளத்துக்குக் கற்காரை விரிந்து வெடித்திருந்தது. சாலையில் இருந்த சரளை நீரை உறிஞ்சி, பனியில் உறைந்து, பிளந்ததே காரணம். நல்ல கல் அருகில் கிடைக்கவில்லை. ஆகவே அப்பழுதுபட்ட சாலையையே உடைத்து, கல்லை முன்னினும் சிறிதாக்கி, புதுச் சாலைக்கு இட்டனர். சிறு கல்லில் அக்கேடு குறையும் என்பது கணக்கு. மெக்காடத்தின் சிறு சம்மட்டி இங்கே எந்திர உருவில் வந்தது.

மறுபயன் கல்லுக்கு ஒரு குணக்கேடு உண்டு. அதை மறைத்துப் பேசுதல் முறையன்று. கருங்கல்லைப் புதிதாக உடைத்தால் அதன் முகம் தூயது; நூற்றுக்கு ஒரு பங்கு நீரைக்கூட உறிஞ்சாது. பழைய கற்காரைத் துண்டின்மீதோ பழைய காரை ஒட்டியிருக்கும். அக்காரை நுண்துளை மிக்கது; நான்கு ஐந்து பங்கு நீரையும் குடித்துவிடும். கலவைக்கு அளந்து விட்ட நீரைக் கல்லே குடித்துவிட்டால் கலவை வறண்டு, பரப்ப வராது. நீரைக் கூட்டி ஊற்றினால் இறுகியபின் வலிமை குன்றும். ஆகவே கல்லை முன்கூட்டியே நனைத்து வைப்பர். காரை மிகுந்த நுண்தூளைச் சலித்து விலக்குவர். மரம், சுண்ணப்பலகை முதலிய கலப்பைக் களைவர். எல்லாக் கல்லையும் மாற்றாமல், ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ மாற்றுவதும் உண்டு. கற்குழிகளில் உடைக்கும்போது குவியும் கல்தூளும் ஆற்று மணலுக்கு ஈடாகக் கற்காரையில் சேர்கிறது. அதன் துகள் உருண்டையாக இல்லாமல் முனைகளோடு இருப்பதால் அதற்கும் நீர்க்கணக்கு வேறு. கலப்பவன் கணக்கறிந்தவனாக இருந்தால் கழிவு கல்லாகும். இல்லையேல் நல்ல கல்லும் கழிவாகும்.

இக்கணக்கை மிக அழகாகச் செய்து காட்டியது ஆஸ்திரியா. வியன்னாவையும் சால்ஸ்பர்க்கையும் இணைக்கும் மேற்கு நெடுஞ்சாலையின் பழைய கற்காரைத் தளத்தை 1990-ஆம் ஆண்டளவில் புதுப்பிக்கத் தொடங்கியபோது, உடைத்த கல்லைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்தவில்லை. அரைத்துச் சலித்து, 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சரளையைப் புதுத் தளத்தின் கீழடுக்கில் இட்டனர். அதனினும் நுண்ணியதை அடித்தளத்தை இறுக்கப் பயன்படுத்தினர். கீழடுக்கு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். அதன்மீது தேய்வைத் தாங்கும் தேர்ந்த புதுக்கல்லால் 4 சென்டிமீட்டர் மேலடுக்கு. இரண்டும் ஈரமாக இருக்கையிலேயே ஒன்றன்மேல் ஒன்று பரப்பியதால் ஒரே பலகையாக இறுகின. சக்கரம் தேய்ப்பது மேலடுக்கை. சுமையைத் தாங்குவதில் பெரும்பங்கு கீழடுக்குக்கு. பழைய கல்லுக்கு அதன் தகுதிக்கேற்ற இடத்தைக் கொடுத்தனர். பழைய சாலை புதுச் சாலையின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். கைதிகள் காலம் தொட்டு அத்தீவுக்குக் கருங்கல் தந்தவை புக்கிட் தீமா குன்றும் உபின் தீவும். கடல்நடுவே 1851-இல் ஒளியேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும் உபின் கல்லால் ஆனதே. கற்குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. உபினில் 1999-இல் வேலை நின்றது. புக்கிட் கோம்பாக்கில் குடைந்த பள்ளத்தில் நீர் நிறைந்து, இன்று அது குய்லின் போன்ற எழிலிடம் என்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பூங்காவாகிவிட்டது. கல் இந்தோனேசியாவிலிருந்து வந்தது. 2007 சனவரியில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்த மாதம் கருங்கல் ஏற்றிய தோணிகளையும் அதன் கடற்படை மறித்தது. விலை ஏறிற்று; அரசு சேமித்து வைத்திருந்த கல்லை வெளியே விட்டது. அதன் பிறகே, இடிக்கும் கட்டடம் ஒவ்வொன்றும் ஒரு கற்குழி என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. முன்பு குப்பைமேடாக இருந்த சாரிம்புனில் மறுபயன் ஆலைகள் இயங்கின. அங்கே 2010-இல், உடைத்த கற்காரைச் சரளையைச் சில பகுதிகளில் முழுமையாகவே பயன்படுத்தி ஒரு மூன்றுமாடிக் கட்டடம் எழுப்பிக் காட்டினர். அந்நாட்டில் கட்டட இடிபாட்டில் ஏறத்தாழ 99 விழுக்காடு மறுபயனுக்குச் செல்வதாக அரசுக் கணக்குகள் கூறுகின்றன. குப்பை கொட்டவும் நிலமின்றி, 1999 முதல் கடலில் செமாக்காவ் தீவை விரித்துக் கொட்டும் நாடு அது, வேறு வழியில்லை.

நமக்கு வேறு வழி இருக்கிறது. அதுவே நம் இடர். மலேசியாவில் மலைக்குப் பஞ்சமில்லை என்று நினைக்கிறோம். பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்னும் சுண்ணாம்புக் குன்று இருந்தது. உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு நத்தையினம் அக்குன்றில் வாழ்ந்தது. குன்று முழுதும் வெட்டப்பட்டது, நத்தையும் அழிந்தது. சுண்ணாம்புக் குன்றுகள் தீவுகள் போன்றவை; ஒரு குன்றின் உயிர் அடுத்த குன்றில் இராது. பேராக்கின் காந்தான் குகையில் கண்டறிந்து அக்குன்றின் பெயராலேயே அழைக்கப்படும் சிலந்தியும் இவ்வகையது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மறுபயன் கல் சரளைக்காக உடைக்கும் மலையைக் காக்கும். சிமெண்டுக்காக உருக்கும் சுண்ணாம்புக் குன்றை அதனால் காக்க இயலாது. பழைய காரையிலிருந்து சிமெண்டைத் திரும்பப் பெறுவது எளிதன்று. இதனை அறியாமல் மறுபயன் கல்லை எல்லா நோய்க்கும் மருந்தாகப் புகழ்வோரையும் கண்டிருக்கிறேன்.

எங்கள் திடலில் இருந்து சென்ற லாரிகள் எங்கே போயின என்று பின்னர் விசாரித்தேன். பெரும்பகுதி செம்பனைத் தோட்டம் ஒன்றின் உட்சாலையில் குழி நிரப்பச் சென்றது என்றார்கள். கேள்வி கேட்ட மாணவனை அழைத்து அதைச் சொன்னேன். அவன் ஓடிப்போய், வேலியோரத்தில் சிதறிக் கிடந்த துண்டுகளில் ஏழெட்டைப் பொறுக்கி வந்தான். மெக்காடத்தின் விதியைச் சொல்லி, அறிவியல் அறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தோம். மூன்று கற்கள் 170 கிராமுக்குள் இருந்தன. மற்றவற்றை இன்னும் உடைக்க வேண்டும் என்றான்.